சிஸ்டம்ரெஸ்கியூ விமர்சனம்: தானாக எதையும் தொடாத மீட்பு டிஸ்க்

விண்டோஸும் லினக்ஸும் ஒரே டெஸ்க்டாப்பில் இருந்தால், என்றாவது ஒருநாள், எதை எழுப்புவது என்று கேட்கும் கிரப் மெனு காணாமல் போகும். இல்லையென்றால் லினக்ஸ் வரும், ஆனால் மெனுவில் விண்டோஸ் இருக்காது. அல்லது இரண்டுமே வராமல் கறுப்புத் திரையில் ஒரு வரி மட்டும் நிற்கும். அந்த நேரத்தில் கையில் மீட்புப் பென் டிரைவ் இல்லாதவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவத்தான் போகிறார்கள். அவர்களில் பலருக்கு அது தேவையே இல்லை.

சிஸ்டம்ரெஸ்கியூ இந்த வேலைக்கென்றே உருவான, நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸ். நீண்ட காலம் சிஸ்டம்ரெஸ்கியூசிடி என்ற பெயரில் ஜென்டூ அடித்தளத்தில் இருந்தது. 2019இல் 6ஆம் பதிப்போடு ஆர்ச் லினக்ஸுக்கு மாறியது. படிமம், அதாவது தரவிறக்கும் ஐஎஸ்ஓ கோப்பு, ஏறக்குறைய 1 ஜிபி என்பதால் பழைய 2 ஜிபி பென் டிரைவ்கூடப் போதும். பூட் ஆனதும் கடவுச்சொல் கேட்காமல் ரூட் பயனராக ஒரு கட்டளைத் திரையில் கொண்டுபோய் விடும். வரைகலைத் திரை வேண்டுமானால் 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று அடித்தால் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வரும். பார்ட்டிஷன்களை மாற்றும் ஜிபார்ட்டட், உலாவி, கோப்பு மேலாளர் எல்லாம் அதற்குள் உண்டு.

இதில் 'சரிசெய்' என்று ஒரு பொத்தான் கிடையாது, விமர்சனங்களில் பலரும் குறையாகச் சொல்வது இதைத்தான். எங்கள் கணிப்பில் அதுதான் இதன் பெரிய பலம். இரட்டை பூட் கோளாறுகளில் கணிசமானவை டிஸ்கில் எதுவுமே கெட்டுப்போகாதவை. மதர்போர்டின் ஃபர்ம்வேர், அதாவது கணினி எழும்போது முதலில் ஓடும் உள்மென்பொருள், எதை முதலில் எழுப்புவது என்ற வரிசையை மாற்றியிருக்கும், அவ்வளவுதான். காரணம் தெரியாமல், இயங்குதளத்தை எழுப்பும் நிரலான பூட்லோடரை அழித்து மறுபடி எழுதும் கருவி, ஒரு சின்னக் கோளாறை இரண்டு கோளாறாக்கிவிடும்.

பென் டிரைவில் எழுதுவதில் உள்ள பொறிகள்

படிமத்தை எழுத லினக்ஸில் டிடி கட்டளையே போதும். விண்டோஸில் ரூஃபஸ் பயன்படுத்தலாம். வென்டாய் போட்ட பென் டிரைவில் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே போட்டாலும் பூட் ஆகும். ஃபேட்32 பென் டிரைவில் கோப்புகளைக் கையால் நகலெடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த டிரைவின் பெயர், அதாவது வால்யூம் லேபிள், 'ரெஸ்கியூ' என்ற ஆங்கிலச் சொல்லோடு பதிப்பு எண்ணும் சேர்ந்து, படிமத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். பூட் ஆகும்போது கணினி தன் கோப்புகளை அந்தப் பெயரை வைத்துத்தான் தேடுகிறது. பெயர் ஒத்துப்போகாவிட்டால் மெனு வரும், லினக்ஸின் மையமான கர்னல் ஏறும், அதன்பின் சாதனம் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். பலர் இதைப் பென் டிரைவ் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள்.

அடுத்தது செக்யூர் பூட், அதாவது கையொப்பமில்லாத பூட்லோடரை எழ விடாத ஃபர்ம்வேர் பாதுகாப்பு. சிஸ்டம்ரெஸ்கியூவின் பூட்லோடர் கையொப்பமிடப்பட்டதல்ல; எனவே ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டை அணைத்தால்தான் எழும். இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை இதுவே. அணைப்பது இரண்டு சொடுக்கு வேலைதான். ஆனால் விண்டோஸ் பார்ட்டிஷன், அதன் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். பிட்லாக்கரின் சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லு, செக்யூர் பூட் நிலையையும் சேர்த்தே அளந்து வைத்திருப்பதால் வரும் விளைவு இது. நாம் பிட்லாக்கர் போட்டதே இல்லை என்று சொல்பவர்களும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவிய விண்டோஸ் 11, பல கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷனைத் தானாகவே இயக்கிவிடுகிறது. சாவி அந்தக் கணக்கின் பக்கத்தில் இருக்கும். ஃபர்ம்வேரைத் தொடும் முன் அதை எழுதி வையுங்கள். விண்டோஸ் இன்னும் பூட் ஆகிறது என்றால், பிட்லாக்கர் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துவிட்டு மாற்றத்தைச் செய்வது இன்னும் நல்லது.

மதர்போர்டின் பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு முறை தெரியலாம்: ஒன்று யூஇஎஃப்ஐ (புதிய வகை ஃபர்ம்வேரின் பூட் முறை) என்ற முன்னொட்டோடு, மற்றது வெறும் பெயரோடு. கணினியில் விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால் முதலாவதைத்தான் தேர்வு செய்ய வேண்டும். தவறிப்போய் இரண்டாவதைத் தேர்ந்தால் பழைய லெகசி முறையில் பூட் ஆகும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகவே இருக்கும், பூட் பதிவுகளைத் தொடும் கட்டளைகள் மட்டும் 'இஎஃப்ஐ மாறிகள் இல்லை' என்று மறுத்துவிடும். உள்ளே வந்ததும் முதல் வேலையாக, சிஸ் கோப்பகத்தின் ஃபர்ம்வேர் பகுதிக்குள் இஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு எதையும் செய்யாமல் மறுபடி பூட் செய்யுங்கள்.

கிரப் காணாமல் போனால்

இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையை விவரத் தெரிவோடு ஓட்டினால், மதர்போர்டில் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகமான என்விரேமில் உள்ள பூட் பதிவுகள் அத்தனையும் எண்களோடு வரும். மேலே பூட் ஆர்டர் என்ற வரி. விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு கிரப் மறைந்துபோனால், பெரும்பாலும் இங்கே லினக்ஸின் பதிவு இருக்கும், ஆனால் விண்டோஸுக்குக் கீழே இருக்கும். வரிசையை மாற்றும் தெரிவில் லினக்ஸின் எண்ணை முன்னால் வைத்தால் வேலை முடிந்தது. ஒரு பைட் கூட டிஸ்கில் எழுதவில்லை.

பதிவே இல்லையென்றால், பூட் கோப்புகள் இருக்கும், இஎஸ்பி எனப்படும் ஃபேட்32 பார்ட்டிஷனை மவுன்ட் செய்து உள்ளே பாருங்கள். உபுண்டுவாக இருந்தால் அதன் பெயரிலேயே ஒரு கோப்புறையும் அதற்குள், கிரப்புக்கு முன் எழும் கையொப்பமிட்ட சிறு பூட்லோடரான ஷிம் கோப்பும் இருக்கும். கோப்பு இருந்து பதிவு மட்டும் போயிருந்தால், அதே கட்டளையில் டிஸ்க், பார்ட்டிஷன் எண், கோப்பின் பாதை மூன்றையும் கொடுத்துப் புதிய பதிவை உருவாக்கலாம். பாதையில் பின்சாய்வுக் கோடு போட வேண்டும், அதை ஒற்றை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷெல் அந்தக் கோடுகளை விழுங்கிவிட்டு, எங்கேயும் போகாத பதிவு ஒன்றை உருவாக்கித் தரும்.

சில மதர்போர்டுகள் நாம் எழுதும் பதிவை மதிப்பதில்லை. அடுத்த பூட்டில் விண்டோஸையே முன்னால் வைக்கும். அவற்றின் ஃபர்ம்வேர் அமைப்பிலேயே தனியாக ஒரு வரிசை இருக்கும், அதை அங்கே போய்த்தான் மாற்ற வேண்டும். இன்னும் பிடிவாதமானவற்றுக்கு, இஎஸ்பியில் இஎஃப்ஐ கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறையில் உள்ள இயல்புநிலைக் கோப்பின் இடத்தில் லினக்ஸ் பூட்லோடரை வைக்கலாம். பழைய கோப்பைப் பெயர் மாற்றி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டு டிஸ்க் உள்ள கணினிகளில் ஒரு பழைய வம்பு உண்டு. உபுண்டுவின் பழைய நிறுவியில், பூட்லோடரை இரண்டாம் டிஸ்கில் போடச் சொன்னாலும், முதல் டிஸ்கில் உள்ள இஎஸ்பியில்தான் போய் எழுதும். அப்போது எதுவும் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து விண்டோஸ் இருக்கும் முதல் டிஸ்கைக் கழற்றினாலோ அது செத்துப்போனாலோ, எந்தக் குறையும் இல்லாத லினக்ஸ் டிஸ்கும் பூட் ஆகாது. இஎஃப்ஐபூட்எம்ஜிஆரின் விவர வெளியீட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் பார்ட்டிஷனின் அடையாள எண் வரும். அதை பிஎல்கேஐடி கட்டளை காட்டும் எண்ணோடு ஒப்பிட்டால் எந்த டிஸ்கின் இஎஸ்பியை நம்பி லினக்ஸ் எழுகிறது என்று தெரிந்துவிடும். இதைக் கணினி நன்றாக ஓடும்போதே பார்த்து வைக்கலாம்.

லினக்ஸ் வருகிறது, மெனுவில் விண்டோஸ் மட்டும் இல்லை என்பவர்களுக்கு இந்த பென் டிரைவே வேண்டாம். கிரப் 2.06இலிருந்து, அதாவது 2021இலிருந்து, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் இயல்புநிலை அமைப்புக் கோப்பில் அதை முடக்கும் வரியின் மதிப்பை 'ஃபால்ஸ்' ஆக்கி, கிரப் அமைப்பை மறுபடி உருவாக்கினால் விண்டோஸ் வந்துவிடும். ஓஎஸ்-ப்ரோபர் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டை இங்கே சொல்லாமல் விட முடியாது. பாதுகாப்பற்ற பழைய பூட்லோடர்களை மறுக்கும் எஸ்பாட் என்ற தடைப்பட்டியலை அது புதுப்பித்தது. பழைய ஷிம் வைத்திருந்த இரட்டை பூட் கணினிகள் 'ஏதோ பெருந்தவறு நடந்துவிட்டது' என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு அணைந்தன. நிறைய பேர் அதைப் பார்த்து டிஸ்க் போய்விட்டது என்றே முடிவு கட்டினார்கள். செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், மோக்யூட்டில் கட்டளையால் எஸ்பாட் கொள்கையை நீக்கச் சொல்லி, ஒருமுறை ரீபூட் செய்து, ஷிம்மைப் புதுப்பித்த பிறகு செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கினால் போதும். மறுநிறுவல் தேவைப்படவே இல்லை.

ஹார்ட்வேரா, மென்பொருளா?

இந்தக் கேள்விக்குத்தான் சிஸ்டம்ரெஸ்கியூ தன் எடைக்கு மேல் உழைக்கிறது. அதன் பூட் மெனுவில் எல்லாவற்றையும் ரேமுக்கு நகலெடுக்கும் தெரிவு ஒன்று உண்டு. 2 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் அதைத் தேர்ந்து, பூட் ஆன பிறகு பென் டிரைவையே பிடுங்கிவிடலாம். இப்போது ஓடுவது டிஸ்கையோ யூஎஸ்பியையோ சாராத ஒரு லினக்ஸ். லினக்ஸ் அடிக்கடி உறைகிறது என்ற புகாரோடு வரும் கணினியில் இதை இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள், கணினியை அணைத்து டிஸ்க் கேபிள்களைக் கழற்றிவிட்டு ஒருமுறை, கேபிள்களோடு ஒருமுறை. டிஸ்க் இல்லாமலும் உறைந்தால் ரேம், பவர் சப்ளை, சூடு, மதர்போர்டு என்று சந்தேகம் சுருங்கும். டிஸ்கை மாட்டினால் மட்டும் உறைந்தால் கேபிளும் டிஸ்கும்தான்.

இரட்டை பூட்டில் இன்னொரு வசதி: இரண்டு இயங்குதளங்களிலும் ஒரே கோளாறு வந்தால் ஹார்ட்வேர் என்று முதலில் நினைக்கலாம். ஒன்றில் மட்டும் வந்தால் உடனே மென்பொருள் என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். விண்டோஸ் ஒரு எஸ்எஸ்டியை ஒருவிதமாகத் தூங்க வைக்கும், லினக்ஸ் வேறுவிதமாக. என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய், கர்னல் பதிவில் 'கன்ட்ரோலர் கீழே போய்விட்டது, ரீசெட் செய்கிறேன்' என்ற வகைச் செய்தி வந்தால் பல நேரம் காரணம் மின்சேமிப்பு நிலைதான். என்விஎம்இ கோர் மாட்யூலின் அதிகபட்சத் தாமத அளவை 0 ஆக்கும் கர்னல் அளவுருவைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். கோளாறு நின்றுவிட்டால் பெரும்பாலும் டிஸ்க் மாற்ற வேண்டியதில்லை, அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள்.

டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றிப் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பார்க்க ஸ்மார்ட்சிடிஎல் உள்ளேயே இருக்கிறது. சாட்டா ஹார்டு டிஸ்கில் நான்கு எண்களை மட்டும் பாருங்கள். 5ஆம் எண் மாற்றியமைக்கப்பட்ட செக்டார்கள். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றில் ஏதாவது ஏறிக்கொண்டே போனால் டிஸ்கின் காலம் முடிகிறது. நான்காவது 199, சிஆர்சி பிழை. இது பெரும்பாலும் டிஸ்கின் குற்றமல்ல, சாட்டா கேபிளின் குற்றம். கேபிளை மாற்றினாலும் அந்த எண் 0க்குத் திரும்பாது, மேலே ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது என்று பொருள். இது தெரியாமல் நல்ல டிஸ்கை மாற்றியவர்கள் எத்தனையோ பேர். என்விஎம்இ டிஸ்கில் இந்த எண்கள் இருக்காது. அங்கே கிரிட்டிகல் வார்னிங், மீதமுள்ள உபரி இடம், தரவுப் பிழைகள் என்ற மூன்று வரிகள் முக்கியம். பயன்படுத்திய சதவீதம் 100ஐத் தாண்டினால் உடனே சாகும் என்று அர்த்தமில்லை.

டிஸ்க் சாகிறது என்று தெரிந்துவிட்டால், கோப்பு முறைமையைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டக் கூடாது. அது சரிசெய்கிறேன் என்று சாகும் டிஸ்கிலேயே எழுதும். முதலில், கெடும் டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்கியூ. அதே அளவோ பெரியதோ ஆன இன்னொரு டிஸ்க், கூடவே எதை எடுத்தாயிற்று என்று குறிக்கும் ஒரு மேப் கோப்பு, அதுவும் மூன்றாவது ஓரிடத்தில். முதல் சுற்றில் கெட்ட பகுதிகளைச் சுரண்டாமல் எளிதில் வருவதை மட்டும் எடுக்கும் தெரிவைக் கொடுங்கள், இரண்டாம் சுற்றில் மூன்று மறுமுயற்சிகள். மேப் கோப்பு இருப்பதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சரிசெய்யும் வேலையெல்லாம் நகலில்தான். இந்த லினக்ஸ் டிஸ்ட்ரோவை வைத்திருப்பதற்கு டிடிரெஸ்கியூவும், தொலைந்த பார்ட்டிஷன்களை மீட்கும் டெஸ்ட்டிஸ்கும் மட்டுமே போதுமான காரணம்.

ரேம் சோதனைக்கு மெம்டெஸ்ட்86+ பூட் மெனுவிலேயே இருக்கிறது. 2022இல் வந்த அதன் 6ஆம் பதிப்புக்கு முந்தையவை யூஇஎஃப்ஐயில் ஓடாது. பழைய பென் டிரைவ்களில் 'மெம்டெஸ்ட் வேலை செய்யவில்லை' என்பதற்கு அதுவே காரணம். இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். ஆனால் ரேமை மாற்றும் முன் ஃபர்ம்வேரில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பிழை மறைந்தால் ரேம் நல்லது, வேகம்தான் அதிகம். மறையாவிட்டால் குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். நிறுவலின்போது ஸ்குவாஷ்எஃப்எஸ் (நிறுவியின் சுருக்கிய கோப்பு முறைமை) பிழை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு நிரல் நொறுங்குவது, தரவிறக்கிய கோப்பின் சரிபார்ப்பு எண் ஒவ்வொரு முறையும் மாறுவது, இவையெல்லாம் ரேம் கெட்டதன் அடையாளங்கள்.

மதர்போர்டு பேட்டரியை யாரும் சந்தேகிப்பதில்லை. சிஆர்2032 என்ற 3 வோல்ட் காசு பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போவது மட்டுமல்ல, ஃபர்ம்வேர் அமைப்புகளும் இயல்புநிலைக்குத் திரும்பலாம். அணைத்து வைத்த செக்யூர் பூட் இயங்கிவிடலாம், டிஸ்க்குகளைக் கையாளும் ஏஹெச்சிஐ முறை ரெய்டுக்கு மாறிவிடலாம். மின்சாரம் போய் வந்த ஒவ்வொரு முறையும் பூட் கெடுகிறது என்றால் கிரப்பைத் தோண்டுவதற்கு முன் பேட்டரியை மாற்றுங்கள். கடிகாரம் மணிக்கணக்கில் மட்டும் தவறினால் அது பேட்டரி அல்ல: விண்டோஸ் உள்ளூர் நேரத்தைக் கடிகாரத்தில் எழுதுகிறது, லினக்ஸ் அதை யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று படிக்கிறது. டைம்டேட்சிடிஎல்லில் உள்ளூர் நேரத் தெரிவை இயக்கலாம். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் யூடிசிக்கு மாற்றுவது அதைவிடச் சுத்தமான வழி.

டிஸ்கே தெரியவில்லையா? டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே வெளியீட்டில் விண்டோஸ் டிஸ்க் காணோம் என்றால் ஃபர்ம்வேரில் இன்டெல் ரெய்டு முறை இயங்குகிறதா என்று பாருங்கள். ஏஹெச்சிஐக்கு மாற்றினால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும், ஆனால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். அதற்கு ஒரு முறை இருக்கிறது: மாற்றும் முன் விண்டோஸில் பிசிடிஎடிட் கட்டளையால் சேஃப் மோடைக் கட்டாயமாக்குங்கள், ரீஸ்டார்ட் செய்து ஃபர்ம்வேரில் ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள், சேஃப் மோடில் ஒருமுறை விண்டோஸ் எழட்டும், பிறகு அந்தக் கட்டாயத்தை நீக்குங்கள். சேஃப் மோடில் எழும்போது விண்டோஸ் தேவையான டிரைவரைத் தானே சேர்த்துக்கொள்கிறது.

விண்டோஸ் பார்ட்டிஷனில் எதுவரை கை வைக்கலாம்

கோப்புகளை நகலெடுக்க தாராளமாக. பிட்லாக்கர் பூட்டு இருந்தால்கூட மீட்புச் சாவி கையில் இருந்தால் கிரிப்ட்செட்டப் கட்டளை அதைத் திறக்கும். எழுதுவதில்தான் கவனம் வேண்டும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் விண்டோஸில் 'ஷட்டவுன்' என்பது முழு ஷட்டவுன் அல்ல, பாதி உறக்கம். அந்த நிலையில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் லினக்ஸிலிருந்து எழுதினால், விண்டோஸ் எழும்போது தன் நினைவில் உள்ள பழைய நிலையை மேலெழுதி, இரண்டு பக்கத் தரவும் சிதையும். படிக்க மட்டும் அனுமதித்து லினக்ஸ் மறுப்பது இதற்காகத்தான். உறக்கக் கோப்பை நீக்கும் தெரிவும் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கட்டளையும் சிஸ்டம்ரெஸ்கியூவில் உண்டு. ஆனால் என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ், விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பான செக்டிஸ்குக்கு மாற்று அல்ல, சில அடிப்படை முரண்களைச் சரிசெய்வதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் செய்யாது. விண்டோஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். அதை அணைத்தால், விண்டோஸிலிருந்து வந்த பிறகு லினக்ஸில் நெட்வொர்க் கார்டு விழிக்காத பிரச்சினையும் சில கணினிகளில் சேர்ந்தே தீரும்.

விண்டோஸின் சொந்த பூட்லோடர் கெட்டுவிட்டால் இந்தக் கருவியால் ஆகாது. அதற்கு விண்டோஸ் நிறுவல் பென் டிரைவில் பூட் செய்து, இஎஸ்பிக்கு ஒரு டிரைவ் எழுத்துக் கொடுத்து, பூட் கோப்புகளை மறுபடி எழுதும் பிசிடிபூட் கட்டளையை ஓட்ட வேண்டும். ஆக ஒரு பென் டிரைவ் போதாது, இரண்டு வேண்டும்.

லினக்ஸுக்குள் நுழைந்து சரிசெய்தல்

கிரப்பின் கோப்புகளே போயிருந்தால் நிறுவிய லினக்ஸுக்குள் சிரூட் செய்ய வேண்டும், அதாவது மீட்பு டிஸ்கில் இருந்தபடியே அதற்குள் நுழைந்து கட்டளைகளை ஓட்ட வேண்டும். மற்ற லைவ் டிஸ்க்குகளில் டெவ், பிராக், சிஸ் என்ற கோப்பகங்களை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். இங்கே ஆர்ச்-சிரூட் ஒரே கட்டளையில் முடித்துவிடுகிறது, இஎஃப்ஐ மாறிகளையும் சேர்த்து. ரூட் பார்ட்டிஷனை மவுன்ட் செய்த பிறகு, எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று குறிக்கும் அந்த லினக்ஸின் எஃப்எஸ்டேப் கோப்பில், இஎஸ்பிக்கென்று சொல்லியிருக்கும் இடத்திலேயே அதை மவுன்ட் செய்வது அவசியம். மறந்தால் கிரப் வெறும் கோப்புறைக்குள் எழுத முயலும். அல்லது இஎஸ்பி கிடைக்கவில்லை என்று மறுக்கும். கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ் என்றால் துணை வால்யூமின் பெயரைக் கொடுக்க வேண்டும்: உபுண்டுவில் வழக்கமாக '@', ஃபெடோராவில் 'ரூட்'.

பிறகு டெபியன், உபுண்டு வகைகளில் கிரப்-இன்ஸ்டாலும் அப்டேட்-கிரப்பும் போதும். ஃபெடோராவில் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோகாதீர்கள். யூஇஎஃப்ஐ கணினியில் அங்கே கிரப்2-இன்ஸ்டாலைக் கட்டாயப்படுத்தி ஓட்டினால் கையொப்பமிடப்பட்ட கோப்பின் இடத்தில் கையொப்பமில்லாத கோப்பு வந்து, செக்யூர் பூட்டில் எழாது. ஷிம், கிரப்2 இஎஃப்ஐ தொகுப்புகளை ஃபெடோராவின் தொகுப்பு மேலாளரான டிஎன்எஃப் மூலம் மறுநிறுவல் செய்வதே முறை.

சிஸ்டம்ரெஸ்கியூவின் பூட் மெனுவில் 'டிஸ்கில் உள்ள லினக்ஸை எழுப்பு' என்ற தெரிவும் இருக்கிறது. இதில் சிறு ஏமாற்றம்: எழுவது உங்கள் லினக்ஸின் கோப்புகள்தான், ஆனால் கர்னல் சிஸ்டம்ரெஸ்கியூவினுடையது. அதற்குரிய மாட்யூல்கள் உங்கள் டிஸ்கில் இல்லாததால் வைஃபையோ என்விடியா டிரைவரோ வராமல் போகலாம். கிரப் மட்டும்தான் பிரச்சினை என்றால் சூப்பர் கிரப்2 டிஸ்க் இந்த இடத்தில் மேல். அது உங்கள் சொந்தக் கர்னலையே தேடி எழுப்புகிறது.

கர்னல் புதுப்பித்தபின் கறுப்புத் திரை என்று வருபவர்களுக்கும் சிரூட்தான் வழி. என்விடியா டிரைவர் மாட்யூல் புதிய கர்னலுக்குக் கட்டப்பட்டதா என்று, மாட்யூல்களைக் கட்டும் கருவியான டிகேஎம்எஸ்ஸின் நிலையைப் பாருங்கள். கட்டப்பட்டும் ஏறவில்லை என்றால், செக்யூர் பூட் இயங்கும் கணினியில் மாட்யூலுக்கான சாவி பதியப்படவில்லை என்பது வழக்கமான காரணம். ரீபூட்டின்போது சாவியைப் பதியச் சொல்லி வரும் நீலத்திரையை 'தொடர்' என்று தட்டிவிட்டுப் போனவர்கள்தான் பெரும்பாலும் இதில் சிக்குகிறார்கள்.

யாருக்கு ஒத்துவராது

கட்டளைத் திரையைக் கண்டால் கை நடுங்குபவர்களுக்கு இது சரிப்படாது. அவர்களுக்கு பூட்-ரிப்பேர் இருக்கிறது. உபுண்டு லைவ் டிஸ்கில் நிறுவி ஓட்டலாம். அதன் அறிக்கை உண்மையிலேயே அருமை, எந்த டிஸ்கில் எந்தப் பூட்லோடர், இஎஸ்பியில் என்னென்ன கோப்புகள் என்று ஒரே பக்கத்தில் வந்துவிடும். அது இணையத்தில் ஏற்றித் தரும் அறிக்கை என்பதால் பகிரும் முன் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். 'பரிந்துரைக்கப்பட்ட சரிசெய்தல்' பொத்தானை அறிக்கையைப் பார்த்த பிறகே அழுத்துங்கள். கூடுதல் தெரிவுகளில் விண்டோஸின் இஎஃப்ஐ கோப்புகளைப் பெயர் மாற்றும் ஒன்று இருக்கிறது. மதர்போர்டு வேறெந்த வழிக்கும் மசியாதபோது மட்டும் தொட வேண்டியது அது.

மிகப் புதிய ஹார்ட்வேர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சிஸ்டம்ரெஸ்கியூ நீண்டகால ஆதரவுக் கர்னலையே எடுத்துக்கொள்கிறது. அண்மையில் வெளியான வைஃபை சில்லோ கிராஃபிக்ஸ் கார்டோ அதில் அடையாளம் தெரியாமல் போகலாம். திரைக்கு மெனுவில் உள்ள அடிப்படை டிஸ்ப்ளே தெரிவு, அதாவது நோமோட்செட், போதும். நெட்வொர்க்குக்குக் கேபிளோ, மொபைலின் யூஎஸ்பி டெதரிங்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) வழியே வேலை செய்ய நினைப்பவர்கள் இணைப்பு மறுக்கப்படுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உள்ளே வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் இயல்பாகவே இயங்குகிறது. பூட் வரியில் ஃபயர்வாலை நிறுத்தும் அளவுருவையும் ரூட் கடவுச்சொல்லையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்ய வேண்டாம் என்றால் பென் டிரைவில் உள்ள சிஸ்ரெஸ்கியூ.டி கோப்புறையில் யாமல் என்ற வடிவில் அமைப்புக் கோப்பாக எழுதி வைக்கலாம். விசைப்பலகை அமைப்பு, ரேமுக்கு நகலெடுப்பது, பூட் ஆனதும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் வரை அதில் அடங்கும். டிடி முறையில் எழுதிய பென் டிரைவ் படிக்க மட்டும் ஆகிவிடுவதால் இந்த வசதிக்கு ஃபேட்32 முறையில்தான் எழுத வேண்டும், முன்னே சொன்ன லேபிளைக் கவனித்து.

எழுதி டிராயரில் போட்ட பென் டிரைவ் பழசாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமைக்கான கருவித் தொகுப்பின் பதிப்பான, 2023இல் வந்த இ2எஃப்எஸ்பிராக்ஸ் 1.47, புதிய எக்ஸ்ட்4 பார்ட்டிஷன்களில் இரண்டு அம்சங்களை இயல்பாகவே இயக்கியது. அதற்கு முந்தைய மீட்பு டிஸ்க்கின் எஃப்எஸ்சிகே அப்படிப்பட்ட பார்ட்டிஷனைப் பார்த்ததும், ஆதரவில்லாத அம்சம் என்று கைவிரித்துவிடும். பார்ட்டிஷனில் எந்தக் கோளாறும் இருக்காது. டிஸ்ட்ரோவைப் பெரிய பதிப்புக்கு மேம்படுத்தும் அன்றே பென் டிரைவிலும் புதிய படிமத்தை எழுதி, யூஇஎஃப்ஐ முறையில் ஒருமுறை பூட் செய்து, லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்க மட்டும் மவுன்ட் செய்து பார்த்துவிட்டு வையுங்கள்.